உதயகுமார் கலைக்காத கூடு

உதயகுமார் பயந்த சுபாவக்காரன். இதை மனைவி கோமளா சொல்வாள், கூட வேலை பார்க்கும் பாபு சொல்வான், கேட்டால் அவனே சொல்வான். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போவான். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். அடுப்பை அணைத்தாயா என்று கோமளாவுக்கு பஸ் ஏறிய பிறகு போன் போடுவான். ஒன்பதாவது படிக்கிற மகள் டியூஷனிலிருந்து பத்து நிமிஷம் தாமதமாக வந்தால், வாசலுக்கும் அறைக்கும் நடந்தே செருப்பைத் தேய்த்துவிடுவான். அவன் பார்க்கும் வேலை என்னவென்று தெரிந்தால் புதியவர்கள் சிரித்துவிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக செல்போன் டவர் ஏறுகிறான்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று இந்தப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் டவர்களில் பாதி அவன் கைபட்டவை. மேலே அவனுக்குப் பயம் கிடையாது. இடுப்பு பெல்ட்டில் இரண்டு கயிறு, இரண்டு கொக்கி. ஒன்றை மாட்டிய பிறகுதான் மற்றதைக் கழற்ற வேண்டும். அந்த ஒரு சட்டத்தை மதித்தால் போதும், விழவே முடியாது. தரையில் அப்படி எந்த ஏற்பாடும் இல்லை என்பதுதான் அவன் குறை.

இந்த வருஷம் பொங்கல் கழிந்த நாலாம் நாள் ஏரிக்கரைத் தெரு டவரில் ஏறச் சொல்லி வேலை வந்தது. திருவேற்காட்டுக்கும் அயனம்பாக்கம் ஏரிக்கும் நடுவில் இருக்கும் தெரு அது. அவன் வீடும் இரண்டு தெரு தள்ளித்தான். அவன் அப்பா நாற்று நட்ட வயல்மேல்தான் இன்று அந்த டவரும், எதிரே பத்து மாடி ஃப்ளாட்டும் நிற்கின்றன. பழைய ஆன்டெனாக்களைக் கழற்றிப் புதுப் பெட்டிகளை மாட்ட வேண்டும். பாபு கீழே கயிறு பிடிக்க, உதயகுமார் ஏறினான்.

டவரின் முக்கால் உயரத்தில், ஏறுகிறவன் நின்று மூச்சு வாங்க ஓர் இரும்புத் தட்டு உண்டு. அதற்கு மேலே தலையை நீட்டியபோது காதோரம் விர்ரென்று காற்று கிழிந்தது. செங்கல் நிற முதுகு, வெள்ளைத் தலை. கருடன். ஒரு சுற்று போய்விட்டு மறுபடியும் அவன் தலைக்கு நேரே வந்தது. அவன் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு தட்டைப் பார்த்தான். சுள்ளி, கந்தல் துணி, பிளாஸ்டிக் கயிறு எல்லாம் சேர்த்துக் கட்டிய கூடு. நடுவில் இரண்டு முட்டை.

கூட்டைக் கண்டால் என்ன செய்வது என்பதற்கு இந்தத் தொழிலில் யோசனையே கிடையாது. காலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். காக்கைக் கூடு, பருந்துக் கூடு என்று எத்தனையோ கூட்டை அவனும் தள்ளியிருக்கிறான். ஆனால் ஒரு காலம் வரைதான். அதற்குப் பிறகு தள்ளியதில்லை. அந்த மாதிரி வேலை வந்தால் பாபுவை ஏறச் சொல்லிவிட்டு, தான் கயிறு பிடிப்பான். ஏன் என்று பாபுவும் கேட்டதில்லை.

அன்று அவன் அப்படியே கீழே இறங்கி வந்து சூப்பர்வைசர் ஜஸ்டினுக்கு போன் போட்டான்.

"சார், வேலை ஆவாது சார். தேனடை கீது. மலைத்தேனீ. இத்தாம் பெருசு."

தேனீ என்றால் கம்பெனியில் பேச்சே இல்லை. கொட்டி ஒருவன் விழுந்தால் யார் பதில் சொல்வது? அடை எடுக்கும் ஆள் வந்து சரி என்று சொல்லும் வரை யாரும் ஏறக் கூடாது. ஜஸ்டின் ஒரே வார்த்தையில் வேலையை நிறுத்தினார்.

"இன்னா மச்சான், தேனீயா? எனக்கு ஒண்ணு கூட தெர்ல?" என்றான் பாபு அண்ணாந்து பார்த்துக்கொண்டே.

"உனக்குக் கண்ணு செரியில்ல. வா, டீ குடிக்கலாம்."

அந்த நேரத்தில்தான் எதிர் ஃப்ளாட்டிலிருந்து ஒரு பெண் வீட்டுச் செருப்போடு ஓடி வந்தாள். கழுத்தில் பெரிய கேமரா ஆடிக்கொண்டிருந்தது.

"அண்ணா, கலைச்சுப்போட்டீங்களா? கூட்டைக் கலைச்சுப்போட்டீங்களா?"

"இல்லம்மா. முட்டை கீதும்மா" என்றான் உதயகுமார். சொன்ன பிறகுதான், பாபு பக்கத்தில் நிற்பது நினைவுக்கு வந்தது. பாபு சிரித்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் பெயர் மதிவதனி. பொள்ளாச்சிப் பக்கம். ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவள். ஒன்பதாவது மாடி பால்கனியிலிருந்து பார்த்தால் கூடு நேர் எதிரே, கைக்கெட்டும் தூரம் போலத் தெரியும். அவள் கேமரா வாங்கியது விராலடிப்பானைப் படம் பிடிக்க. பனிக்காலத்தில் ஏரிக்கு வந்து மீன் அடித்துவிட்டுப் போகும் பறவை. எங்கோ வடக்கே, பனி மலைக்கு அப்பால் கூடு கட்டும். "அது விருந்தாளிங்கண்ணா. இது நம்மூர்க்காரி. இங்கயே குடித்தனம் பண்ணுது" என்றாள். செம்பருந்து என்று சொல்ல வேண்டுமாம். உதயகுமாருக்குக் கருடன்தான்.

இது சட்டப்படி பாதுகாக்க வேண்டிய பறவை, வனத்துறைக்கு எழுதிப் போடலாம் என்று அவள் சொன்னதும் அவனுக்கு வேர்த்துவிட்டது. எழுதினால் கம்பெனிக்குத் தெரியும். கம்பெனிக்குத் தெரிந்தால் தேனடைப் பொய் தெரியும். "வோணாம்மா. பறக்கற வரிக்கும் நான் பாத்துக்கறேன். எத்தினி நாளு ஆவும்?"

அவள் விரல் விட்டு எண்ணினாள். குஞ்சு பொரிய இன்னும் மூன்று வாரம். பொரிந்தபின் பறக்க ஏழெட்டு வாரம்.

பதினோரு வாரம்! ஒரு பூட்டையே இரண்டு தடவை பார்க்கிற ஆளிடம் கொடுக்கிற பொறுப்பா இது?

ஆனாலும் ஏற்றுக்கொண்டான். காலையில் வேலைக்குப் போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை டவருக்குக் கீழே நிற்பான். நின்றால் ஒன்றும் தெரியாது, இரும்பும் வானமும்தான். அதனால் மதிவதனிக்கு போன் போடுவான். தாய் உட்கார்ந்திருக்கிறதா? ஆண் மீன் கொண்டுவந்ததா? காற்று பலமாக அடிக்கிறதே, கூடு ஆடுகிறதா? முதல் வாரத்திலேயே அவள் நொந்துபோய், கேட்பதற்கு முன்பே படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட ஆரம்பித்துவிட்டாள். பிப்ரவரி எட்டாம் தேதி வந்த படத்தில் பஞ்சு போன்ற தூவிக்குள்ளிருந்து ஒரு சின்ன அலகு தெரிந்தது. மறுநாள் இரண்டு. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தான். சந்தோஷம்தான். ஆனால் முட்டையாக இருந்தவரை அதற்கு உயிர் ஒன்று இருக்கிறதென்று கண்ணால் காணவில்லை, இப்போது கண்டுவிட்டான். பயம் இரண்டு மடங்கானது.

தேனடைப் பொய் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கியது. புதுப் பெட்டிகள் டவரடியில் இருக்கும் ஜெனரேட்டர் கொட்டகையில் தூசி படிந்து கிடந்தன. ஃப்ளாட்காரர்கள் சிக்னல் இல்லை என்று கம்பெனியை வறுத்தெடுத்தார்கள். மார்ச் முதல் வாரம் ஜஸ்டின் தேனடை எடுக்கும் ஆளைக் கூட்டிக்கொண்டு நேரிலேயே வந்து நின்றார். அந்த ஆள் நெற்றிக்குக் கை கொடுத்து ஒரு நிமிஷம் பார்த்தான்.

"சார், இதுல ஏது சார் தேனீ? குச்சி நீட்டிகினு தெரியுது. கூடு சார்."

ஜஸ்டின் உதயகுமாரைப் பார்த்தார். டீக்கடை வாசல் அது. பத்துப் பேர் நின்றிருந்தார்கள்.

"கூடுன்னா தள்ளிட்டு வேலையை முடிக்க வேண்டியதுதானே உதயா? இதுக்கா ஒன்றரை மாசம்?"

"கருடன் சார்" என்றான். "கருடன் கூடு கட்டிக் குஞ்சி பொரிச்சிகீது சார்."

அவ்வளவுதான். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஆளாளுக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் எத்திராஜும் இருந்தார். ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். ஏரிக்கரைப் பொன்னியம்மன் கோயில் கமிட்டித் தலைவர். கோயிலுக்குப் பதினாறு நாளில் கும்பாபிஷேகம். கும்பாபிஷேகம் என்றால் குருக்கள் கலசத்தில் நீர் ஊற்றும் நேரத்தில் மேலே கருடன் வட்டமிட வேண்டும். இல்லாவிட்டால் பாதிப் பேருக்குத் திருப்தி வராது. எத்திராஜுக்கு ஒரு மாதமாக அந்தக் கவலையில்தான் தூக்கம் கெட்டிருந்தது.

"கருடன் நம்ப தெருலயே கீதா? யோவ் சாரு, அத்த எவனாச்சும் தொட்டீங்க, நடக்கறதே வேற!"

ஜஸ்டின் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். சாமி விஷயம், எதற்கு வம்பு என்று முகத்தில் எழுதியிருந்தது. "கும்பாபிஷேகம் முடியட்டும். அப்புறம் பாக்கலாம். உதயா, உன்கிட்ட தனியா பேசணும்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். தனியாகப் பேசியது அப்படியொன்றும் பெரிதில்லை. ஓர் எச்சரிக்கைக் கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். உதயகுமார் அன்று வீட்டுக்குப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போனான். கோமளா ஜுரமா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

தான் என்ன செய்துவிட்டோம் என்பது மறுநாள் காலையில்தான் அவனுக்குத் தெரிந்தது.

டவர் கேட்டில் ஐம்பது பேர். டவரின் ஒரு காலில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாகிவிட்டது. 'அபாயம்' என்று மண்டையோடு போட்ட பலகைக்குச் சாமந்தி மாலை. ஒருத்தி கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தாள், ஜெனரேட்டர் டீசல் டிரம்முக்குப் பக்கத்தில். அதை ஓடிப்போய் அணைத்தான். மூன்றாம் நாள் தெருவுக்கு இரண்டு பக்கமும் ஃப்ளெக்ஸ் வந்தது: 'கருடாழ்வார் தாமே எழுந்தருளிய தலம்.' பேனரில் எத்திராஜ் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கருடன் சின்னதாக ஒரு மூலையில்.

அதோடு போனால் பரவாயில்லை. யாரோ பக்தி முற்றி, கருடன் சாப்பிடட்டும் என்று மொட்டை மாடியில் கோழிக்குடல் வைத்தார்கள். பார்த்து இன்னும் நாலு பேர் வைத்தார்கள். கருடன் வரவில்லை. காக்கைகள் வந்தன. நூறு, நூற்றைம்பது. குடல் தீர்ந்ததும் கூட்டைச் சுற்ற ஆரம்பித்தன. தாய் கூட்டை விட்டு நகர முடியாமல் நாள் முழுக்க இறக்கையை விரித்தபடி நின்றது. ஆண் கொண்டுவரும் மீனைக் காக்கைகள் பாதி வழியில் பறித்தன. மதிவதனி அனுப்பிய படங்களில் குஞ்சுகள் கழுத்தை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தன. உதயகுமார் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீடு வீடாகப் போனான். "அக்கா, கறி வெக்காதீங்க அக்கா. அத்துக்கு மீனு ஏரியிலயே கீது." சிலர் கேட்டார்கள். சிலர் அவனை வினோதமாகப் பார்த்தார்கள். மூன்று நாள் அலைந்த பிறகு காக்கைகள் குறைந்தன. அவன் இடுப்பில் பேண்ட் தளர்ந்துவிட்டது.

'நான்தானே சொன்னேன்' என்ற ஒரே நினைப்பு அவனைக் குடைந்தது. கருடன் என்று சொல்லிக் காப்பாற்றினான். கருடன் என்று சொன்னதாலேயே இந்தப் பாடு. பேசாமல் தேனடை என்றே சாதித்திருக்கக் கூடாதா?

கும்பாபிஷேகத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது எத்திராஜ் அவனைக் கூப்பிட்டுப் பெருமையாகச் சொன்னார்.

"உதயா, இந்த வாட்டி தீர்த்தம் ட்ரோன்ல தெளிக்கறோம். அப்டியே கூட்டாண்ட போயி, கருடனைக் கிட்டக்க படம் புடிச்சி, பெரிய ஸ்க்ரீன்ல காட்டப் போறோம். இருவதாயிரம் வாலா வேற. எப்டி?"

மதிவதனி அதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். குஞ்சுகளுக்கு ஆறு வாரம்தான். இறகு முளைத்திருக்கிறது, பறக்கத் தெரியாது. அந்தப் பருவத்தில் மிரண்டால் குதித்துவிடும். குதித்தால் கீழே ஜெனரேட்டர் கொட்டகையின் தகரக் கூரை.

தகரம் என்று அவள் சொன்னதும் உதயகுமார் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"நான் ஏறி வலை கட்டட்டா?"

"நீங்க ஏறினாலே குதிச்சுருங்கண்ணா."

இத்தனை வருஷத்தில் ஏறாதே என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. ஏறத் தெரியும் என்பது ஒன்றுதான் அவனிடம் இருந்த கெட்டிக்காரத்தனம். அதற்கு இங்கே வேலையில்லை என்றால் வேறு என்ன செய்வான்?

மதிவதனி தானே போய் எத்திராஜிடம் சட்டம் பேசினாள். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "கருடனுக்கு நாங்க கெட்டது நெனப்போமாம்மா? நீங்க ஃப்ளாட்டுக்கு வந்து ரெண்டு வருசம் ஆவுது. நாங்க இங்கயே பொறந்தவங்க" என்று சொல்லி, கையில் கும்பாபிஷேகப் பத்திரிகையும் கொடுத்து அனுப்பிவிட்டார். இனி உதயகுமார்தான் பேச வேண்டும். மூன்று நாளில் நாலு தடவை எத்திராஜ் முன்னால் போய் நின்றான். ஒரு தடவை பந்தல் கால் உறுதியா என்று கேட்டுவிட்டுத் திரும்பினான். இன்னொரு தடவை ஜெனரேட்டருக்கு டீசல் போதுமா என்று கேட்டான்.

கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள் சாயங்காலம். யாகசாலையில் புகை. தெரு முழுக்கப் பெண்கள் பூத்தட்டோடு வரிசையில் நின்றார்கள். வேலை முடிந்து வந்த கோமளாவும் தட்டோடு நின்றாள். வெளிச்சம் இருக்கும்போதே ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்று ட்ரோன்காரன் பெட்டியைத் திறந்தான். தேனீக் கூட்டம் மாதிரி இரைந்துகொண்டு அது எழும்பியது. நேராக டவருக்குப் போனது.

தாய்க் கருடன் கூட்டிலிருந்து எழும்பி அதன்மேல் பாய்ந்தது. ட்ரோன் விலகி மறுபடி நெருங்கியது. பெரிய திரையில் கூடு தெரிந்தது. இரண்டு குஞ்சுகள். ஒன்று கூட்டை விட்டு வெளியே வந்து, இரும்புத் தட்டின் ஓரத்தில், இறக்கையை அடித்துக்கொண்டு, பின்பக்கமாக நகர்ந்து கொண்டிருந்தது. ஜனங்கள் "கருடா, கருடா" என்று கை தூக்கினார்கள்.

"எறக்குடா!"

அது தன் குரல்தான் என்று உதயகுமாருக்கே முதலில் தெரியவில்லை. ட்ரோன்காரனின் கையிலிருந்த ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினான். "எறக்கு! எறக்குன்றேன்ல!" மேளம் நின்றுவிட்டது. ட்ரோன் இறங்கியது. எத்திராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னாடா உதயா, குடிச்சிகீறியா?"

"அண்ணாத்தே, பாடி பக்கம் ஒரு டவரு. ரெண்டாயிரத்து ஒம்போதுல. மேல ஒரு பருந்துக் கூடு. உள்ள ரெண்டு குஞ்சி கீது. நான் பாத்தேன். பாத்துட்டு தான் காலால தள்னேன். கீய தகரம். டொப்பு டொப்புன்னு ரெண்டு சத்தம். அது இன்னும் என் காதுல கீது."

கோமளா வரிசையில் நிற்பது கண்ணில் பட்டது. அவளைப் பார்த்தால் மேலே பேச முடியாது. எத்திராஜின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அது ஆயி ஆறு வாரம் கூட ஆவல. என் ஊட்ல ஏயாம் மாசம். ஆம்பளப் புள்ள. பொறந்துச்சு, அயவே இல்ல அண்ணாத்தே. இத்துனூண்டு. துணியில சுத்தி என் கையில குட்த்தாங்க. நான் தான் பண்ணேன். பதினாறு வருசமா ஊட்ல கூட சொல்லல. நான் தெரியாத்தனமா பண்ட்டேன். நீ சாமி பேரைச் சொல்லிகினு பண்ணப் போற."

எத்திராஜின் கண் ஒருமுறை பின்பக்கம் போய் வந்தது. அங்கே அவர் மருமகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், எட்டு மாத வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு. உதயகுமார் அவளைக் கவனிக்கக்கூட இல்லை. ஆனால் எத்திராஜுக்கு அது எப்படித் தெரியும்?

"பொட்டில வெய்ப்பா அத்த" என்றார் ட்ரோன்காரனிடம். குரல் இறங்கியிருந்தது. "சரவெடியும் வோணாம். மேளம் போதும்."

மேலே குஞ்சு மெல்லக் கூட்டுக்குள் திரும்பியது என்று மதிவதனியிடமிருந்து படம் வந்தது. உதயகுமார் அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது, கோமளா தட்டோடு யாகசாலைக்குள் போய்க்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை தீர்த்தத்தைப் பழையபடி குடத்தில் மேலே ஏற்றினார்கள். மந்திரம் முடிந்தது. குருக்கள் குடத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். ஊரே வானத்தைப் பார்த்தது. ஒரு குருவிகூட இல்லை. நேற்றுக் கலவரத்தில் கருடன் இடத்தை விட்டே போய்விட்டதோ என்று உதயகுமார் டவர் பக்கம் திரும்பிப் பார்த்தான். எத்திராஜ் அவனை முறைத்தார். நல்ல நேரம் முடிய ஐந்து நிமிஷம்தான் இருந்தது. அப்போது ஏரிப் பக்கமிருந்து ஆண் கருடன் வந்தது. வட்டமெல்லாம் போடவில்லை. குஞ்சுக்குப் பசி, அதற்கு ஏது நேரம்? காலில் ஒரு ஜிலேபிக் கெண்டை துடிக்கத் துடிக்க, கலசத்துக்கு நேர்மேலே குறுக்காகப் பறந்து கூட்டுக்குப் போனது. குலவைச் சத்தத்தில் மைக் கேட்கவில்லை. மீனோடு வந்தால் தோஷமா என்று எத்திராஜ் பதறிக் கேட்டதற்கு, "அவர் நைவேத்தியத்தை அவரே கொண்டுவந்துட்டார், உமக்கென்ன?" என்று குருக்கள் குடத்தைச் சாய்த்துவிட்டார்.

கூடு பிழைத்தது; குஞ்சுகள் பறக்கும் வரை ஜஸ்டினும் அதைத் தொடச் சொல்லவில்லை. ஆனால் உதயகுமாரின் பயம் இடம் மாறி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. கோமளா எதுவும் கேட்கவில்லை. சோறு போட்டாள், மகளைப் பள்ளிக்கு அனுப்பினாள், வேலைக்குப் போனாள். "சாவி எடுத்துகினியா" என்பது போன்ற பேச்சு மட்டும் இருந்தது. திட்டினால் தேவலை என்று அவனுக்கு இருந்தது. அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் வைத்திருந்தாள் என்று அவனுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவள் அதைச் சொன்னதே இல்லை. இப்போது அவனைப் பார்க்கும்போதெல்லாம் அதை நினைக்கிறாளோ? கொன்றவனோடா இத்தனை வருஷம் குடித்தனம் செய்தேன் என்று நினைக்கிறாளோ? காலையில் பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்த்தான்.

ஒன்பதாம் நாள் ஆவடியில் ஒரு டவர் உச்சியில் இருந்தபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மேலே போன் எடுக்கக் கூடாது என்பது விதி. இரண்டு கொக்கியையும் மாட்டிக்கொண்டு எடுத்தான்.

"அண்ணா, ஒண்ணு பறந்துருச்சுங்க! ஃப்ளாட் மேல ஒரு சுத்து சுத்திட்டு ஏரி வரைக்கும் போயிருச்சு!" மதிவதனி அழுதுகொண்டே சிரித்தாள்.

"இன்னொண்ணு?"

"உங்களுக்கு நிம்மதியே கெடையாதாங்கண்ணா? இறக்கை அடிச்சுட்டே இருக்குது. நாளைக்குப் பறந்துரும்."

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தான். கோமளாவுக்குக் காலை ஷிப்ட், வந்துவிட்டிருந்தாள். வாசலில் வைத்திருந்த தண்ணீர் கேனை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். அவன் போய் ஒரு கை பிடித்தான்.

"ஒரு குஞ்சி பறந்துச்சாம்."

கோமளா கேனை நிறுத்தினாள். அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கு தண்ணி லாரி வந்துச்சு" என்றாள். "உனக்குத் தெரியாது. நீ வேலைக்குப் பூட்ட. வெயிட்டு தூக்காதன்னு டாக்டரம்மா சொல்லி அனுப்சாங்க. பக்கத்து ஊட்ல ஆளு இல்ல. உட்டா அப்பால நாலு நாளிக்கு லாரி வராது. ரெண்டு கொடம் தூக்கினேன். ஒண்ணும் ஆவலையேன்னு மூணாவதும் தூக்கினேன். சாய்ங்காலம் வலி எட்த்துச்சு."

அவன் கேனிலிருந்து கையை எடுத்தான்.

"பதினாறு வருசமா நான் தான்னு நெனச்சிகினு கீறேன். நீ என்னிக்காச்சும் கேட்டுடுவியோன்னு பயந்துகினே கீறேன். நீ இன்னாடான்னா பருந்துக் குஞ்சின்ற."

"கொடம் தூக்கினா அப்டிலாம் ஆவாது கோமளா" என்றான் அவன் அவசரமாக. "எத்தினி பேரு தூக்கறாங்க. அதுக்கெல்லாம் ஆவாதும்மா."

"கூட்டைத் தள்ளினா மட்டும் ஆவுமா?"

அவன் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான். முகத்தை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டே இருந்தான்; கண்ணீர் நிற்கவில்லை. கோமளா கேனை அப்படியே விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தெருவில் போன ஒருத்தி என்னவென்று நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

கோமளா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "அந்த ரெண்டாவது எப்போ பறக்குமாம்?"

"நாளிக்கு."

"நாளிக்கு நான் லீவு போடறேன். அந்தப் பொண்ணு ஊட்டுக்கு என்னை இஸ்துகினு போ. பாக்கணும்."

மறுநாள் காலை ஆறரைக்கே கிளம்பினார்கள். தெருமுனையில் உதயகுமார் நின்றான். அவன் ஓடிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வரும் வரை கோமளா அங்கேயே நின்றாள்.